பின்முற்றத்து வேம்பு



நம் ஊர்ப்பக்கத்தில் அக்கினி நட்சத்திரம் என்று இருபத்தைந்து நாள் கணக்கு ஒன்று உண்டு. அகமதாபாத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. மார்ச்சு நடுவில் ஏறத் தொடங்கும் உஷ்ணம், ஜூன் கடைசியில் மழை இறங்கும்மட்டும் தணிவதில்லை. ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையும் இங்கே இல்லை. செப்டம்பரோடு வானம் அடைபட்டால் மறுபடியும் திறக்க எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும். 2010 மே மாதத்தில் இந்நகரில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த ஒரே மாதத்தில் அதிகமாக நேர்ந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதன் பிறகே, 2013ஆம் ஆண்டில், வெயில் காலத்திற்கென்று தனியான ஒரு செயல்திட்டத்தை மாநகராட்சி ஏற்படுத்தியது. 2016 மே 20ஆம் தேதி இங்கே 48 டிகிரி. அன்றைக்கு நான் அடக்க ஆராதனை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன்; கையிலிருந்த வேதாகமத்தின் தோலுறை சுட்டது இன்றும் நினைவிலிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மரத்தின் நிழல் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சபையின் பின்முற்றத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. குஜராத்தியர் இதை லீம்டோ என்பர். இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன். அதை ஏறக்குறையச் சாகடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆலைகள் மூடப்பட்டு வேலையிழந்த நம் ஜனங்களில் ஒரு தகப்பனார், நாங்கள் இந்த மனையை வாங்கிய 1999ஆம் ஆண்டில் முழங்கால் உயரக் கன்றாக அதை நட்டார். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல வருஷங்களாகின்றன. மரமோ இரண்டு மாடி உயரம் வளர்ந்தது. ஓய்வுநாள் பள்ளியின் சிறுவர் வகுப்பு அதன் கீழேதான். ஆராதனை முடிந்து தூரத்திலிருந்து வருகிற குடும்பங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதும் அங்கேதான். வாரநாட்களில் கணவரை இழந்த ஒரு சகோதரி அந்த நிழலில் இஸ்திரி மேஜை போட்டுப் பிழைக்கிறார். கரி போட்டு எரிக்கும் பழைய பெட்டி அது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த மரத்தடியிலிருந்துதான் போகிறது.

புதிதாக விசுவாசத்திற்குள் வந்த ஒருவர், "சபை வளாகத்தில வேப்பமரம் வேணுமா, பாஸ்டர்?" என்று ஒருமுறை மெல்லக் கேட்டார். ஊரில் வேம்பில் மஞ்சள் துணி சுற்றிப் பார்த்த கண்கள் அவருக்கு. சிருஷ்டிப்பின் மூன்றாம் நாளில் கர்த்தர் முளைப்பித்தவற்றில் இதுவும் ஒன்று என்று சொல்லி, அந்த நிழலிலேயே அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

காரியம் இப்படித் தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் ஆலய மண்டபத்தைப் புதுப்பித்தோம். பின்முற்றம் மண்ணாயிருக்கிறதே, மழைக்காலத்தில் சேறு உள்ளே வருகிறதே என்று எல்லாருக்கும் குறை. ஒரு சகோதரர் தம்முடைய தாயாரின் நினைவாகப் பேவர் பிளாக் கல் முழுவதும் தாம் போட்டுத் தருவதாகப் பொருத்தனை செய்தார். ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொண்டோம். ஜல்லித்தூளைக் கொட்டி, இயந்திரத்தால் இடித்து இறுக்கி, மரத்தின் அடிவரைக்கும் கல் பதித்து, இடைவெளிகளில் சிமெண்டுப் பால் ஊற்றினார்கள். அடிமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்திற்குச் செங்கல் மேடை கட்டி உள்ளே மண் நிரப்பினோம், ஜனங்கள் உட்காருவதற்கென்று. வண்டி நிறுத்தத் தகரக் கூரை போடுவதற்காக மேற்குப் பக்கத்துப் பெரிய கிளை இரண்டைச் சித்திரை வெயிலில் வெட்டினோம். குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று வைத்தோம். அது வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு மூப்பர் வருந்தியதால், குழாய் இழுத்து மரத்தடி மேடைக்குள் விட்டோம். அந்த யோசனையை நான் பிரசங்க மேடையிலிருந்தே பாராட்டினேன். பிரதிஷ்டை நாளில் பின்முற்றம் பார்க்க அவ்வளவு நேர்த்தியாயிருந்தது.

மறு வருஷம் மார்ச்சில் இலையுதிர்ந்த மரம் தளிர்க்கத் தாமதித்தது. வந்த தளிர்களும் செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறுமுன்னே ஓரங்கள் கருகின. வெயில் கொடுமை என்று சொல்லிக்கொண்டோம். 2024 மே மாதத்தில் பல நாட்கள் 45 டிகிரியைத் தாண்டியபோது உச்சிக் கொம்புகள் வரிசையாய்க் காய்ந்தன. வெட்டிய பக்கத்தில் பட்டை வெடித்து, உள்ளே வண்டு துளைத்த தூள் உதிர்ந்தது. நாங்கள் என்ன செய்தோம்? தினந்தோறும் மாலையில் குழாய் பிடித்துக் கல்லின்மேல் தண்ணீர் தெளித்தோம். ஆர்.ஓ. தண்ணீரும் விடாமல் போயிற்று. யூரியா வாங்கி வந்தார் ஒரு தம்பி. ஜெபமும் செய்தோம், அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. அந்த மரத்தின் சுவாசத்தை அடைத்த கல்லின்மேலேயே முழங்கால்படியிட்டு, இதைச் சுகப்படுத்தும் என்று கேட்டோம் என்பதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

சபைக் கமிட்டி கூடியது. காய்ந்த கொம்பு ஒன்று ஓய்வுநாள் பள்ளி நேரத்தில் முறிந்து விழுந்துவிட்டபடியால் எல்லாருக்கும் பயம். மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதி மரத்தை அகற்றிவிட்டு, முற்றம் முழுவதற்கும் தகரம் போட்டுவிடலாம் என்பது பெரும்பாலோர் எண்ணம். எனக்கும் மறுப்புச் சொல்ல வழியில்லை. சிறு பிள்ளைகளின் தலைமேல் விழுந்தால் யார் பதில் சொல்வது? இஸ்திரிச் சகோதரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம் என்று போனேன். அவர் பெட்டியை மேஜையில் நிறுத்திவிட்டு, "தகரத்துக்குக் கீழ கரிப்பெட்டியோட நின்னா பத்து மணிக்கு மேல தாங்காது ஐயா. காலையில ரெண்டு மணி நேரத்துல எத்தனை துணி தேய்ப்பேன்?" என்றார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. கணக்குத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தோட்ட வேலையிலேயே முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். பின்வரிசையில் உட்காருவார், அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷங்களாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சகோதரி போய் அவரை அழைத்து வந்தார். அவர் மரத்தைப் பார்ப்பதற்கு முன்னே தரையைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "வேம்பு அம்பது டிகிரிக்கும் அசையாது, பாஸ்டர் ஐயா. தெருவோரத்துல ஒருத்தரும் தண்ணி ஊத்தாத வேம்பெல்லாம் பச்சையா நிக்குது. நம்ம மரம் வெயில்ல சாகல" என்றார்.

உண்மைதான். வாசலைத் தாண்டினால் அதே வெயிலில் மற்ற வேம்புகள் நிற்கின்றன. நாங்கள் தினமும் அவற்றைக் கடந்துதான் வந்துகொண்டிருந்தோம்.

அவர் சொன்னவற்றை என் மொழியில் எழுதுகிறேன். மரத்திற்கு உணவும் நீரும் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேல் இரண்டடிக்குள்ளேதான் இருக்கின்றன. அவை அடிமரத்தருகே நில்லாமல், கிளை விரிந்த எல்லைக்கும் அப்பால் ஓடுகின்றன. அந்த வேர்கள் தண்ணீரைக் குடிப்பதோடு சுவாசிக்கவும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் அவை உயிரோடிருக்கும். இடித்து இறுக்கிய தரையில் அந்த இடைவெளி இல்லை. மேலே சிமெண்டு மூடியிருந்தால் மழையும் இறங்காது. வெயிலில் கல் காய்ந்து, அந்தச் சூடும் கீழே இறங்குகிறது. மாலையில் தெளித்த தண்ணீர் கல்லை நனைத்து ஆவியாய்ப் போனதேயன்றி ஒரு விரற்கடை ஆழம் நனைக்கவில்லை. அடிமரத்தைச் சுற்றிக் கட்டிய மேடையை அவர் கையால் கிளறினார். தண்டு அகன்று வேராகப் பிரிகிற இடம் மண்ணுக்குள் புதைந்து, பட்டை கறுத்து ஈரநாற்றம் வீசியது. பட்டை காற்றுக்கு உரியது, வேர் மண்ணுக்கு உரியது. நாங்கள் பட்டையைப் புதைத்தும் வேரை அடைத்தும் வைத்திருந்தோம். வெட்டிய கிளையின் பக்கமோ, அதுவரை நிழலிலே இருந்த பட்டை திடீரென்று மேற்கு வெயிலுக்கு அகப்பட்டு வெந்துபோயிருந்தது.

பிறகு குழாயின் வாயிலிருந்த மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

இதைச் சற்று விரிவாய் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் அநேகர் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் உப்புக்கள் கரைந்திருந்தன. எங்கள் இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு குடம் கழிவுநீரைத் தள்ளுகிறது. மூன்று குடத்து உப்பும் அந்த இரண்டு குடத்தில் சேர்ந்தால் லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் ஆகிறது. நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால் 75 கிராம். மார்ச்சு தொடங்கி ஜூன் வரைக்கும் நூறு நாள் வைத்தால் ஏழரைக் கிலோ. கழுவிப் போக மழையும் இறங்க முடியாத ஒரு செங்கல் தொட்டிக்குள் ஒரு கோடைக்கு ஏழரைக் கிலோ உப்பு! அபிமெலேக்கு சீகேமைப் பிடித்து இடித்துப்போட்டு அதில் உப்பு விதைத்ததாக நியாயாதிபதிகள் 9:45இல் வாசிக்கிறோம். அவன் பகையினால் செய்தான். நாங்கள் சிக்கனத்தினாலும் நல்லெண்ணத்தினாலும் அதையே செய்தோம். அந்த நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். மரத்திற்கும் தொட்டிச் செடிக்கும் நாள்தோறும் விடாதிருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டுகிற நீர் வேறு. அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதாகையால் உப்பு ஏறக்குறைய இல்லை. வேருக்குத் தாராளமாய் விடலாம்.

கமிட்டியில் பெரியவரை நிறுத்தினோம். வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டதற்கு, "காஞ்ச கொம்ப மட்டும் இறக்கிடுவோம். கல்ல எடுத்துட்டு, கொத்தி எரு போடுறேன். ஒரு வருஷம் விட்டுப் பாருங்க" என்றார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. லூக்கா 13ஆம் அதிகாரத்துத் தோட்டக்காரனுடைய வார்த்தையையே தாம் சொல்லுகிறோம் என்று நினைத்துச் சொன்னவருமல்ல. ஆனாலும் மூப்பர்கள் எல்லாருடைய முகமும் மாறிற்று. அதற்குப்பின் ஒருவரும் தகரத்தைப் பற்றிப் பேசவில்லை.

மீதியிருந்தது என் பங்கு. தாயாரின் நினைவாகக் கல் போட்டுத் தந்த சகோதரரிடம் போய், அந்தக் கல்லைப் பெயர்க்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். இதைப்போன்ற சந்திப்புகளுக்கு வேதாகமக் கல்லூரியில் பாடம் இல்லை. அவர் கேட்டுவிட்டு, "கொடுத்ததை வேண்டாம்னு சொல்ல வந்திருக்கீங்க" என்றார். கல்லில் குறையில்லை, அதைப் பதித்த இடத்தைத் தெரிந்துகொண்ட எங்கள்மேல்தான் குறை என்றேன். அவர் மனம் ஆறவில்லை. மூன்று வாரங்கள் அவர் குடும்பம் ஆராதனைக்கு வரவில்லை. மழைக்கு முன்னே தரையைத் திறந்தாக வேண்டும் என்று பெரியவர் அவசரப்படுத்தினார். மழை ஒன்றுதான் அந்த உப்பைக் கழுவக்கூடியது. சகோதரருக்காகக் காத்திருப்பதா, மரத்திற்காக ஆரம்பிப்பதா என்று எனக்கு நித்திரையில்லை. ஜூன் இரண்டாம் சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம் என்று அறிவித்துவிட்டேன். அன்று காலை ஆறு மணிக்கு அவர் கடப்பாரையோடு வாசலில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. பெயர்த்த கற்களை ஒவ்வொன்றாய்க் கழுவி அடுக்கினார். அவை இப்பொழுது தெருவாசலிலிருந்து மண்டபப் படி வரைக்கும் பாதையாய் இருக்கின்றன. முதியோர் மழைநாளில் வழுக்காமல் நடக்கிறார்கள்.

அடிமரத்திலிருந்து எட்டடி சுற்றளவுக்குத் தரையைத் திறந்தோம். மேடையை இடித்து, வேர்க்கழுத்துத் தெரியும்வரை மண்ணைக் கையால் விலக்கினோம். மண்வெட்டியால் ஆழமாய் வெட்டவிடவில்லை பெரியவர். இருக்கிற வேரும் போய்விடும் என்றார். கிளை முடியும் எல்லையை ஒட்டி இரண்டடிக்கொன்றாக இரும்புக் கம்பியால் ஒன்றரையடி ஆழத் துளைகள் இட்டு, மட்கிய எருவை நிரப்பினோம். யூரியாவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்: அதுவும் ஒரு உப்பைப்போல வேரைச் சுடும், நோயாளியைத் தளிர்விடச் சொல்லி அவசரப்படுத்தும் என்றார். திறந்த மண்ணின்மேல் நாலு அங்குலக் கனத்திற்குக் காய்ந்த இலைகளைப் பரப்பினோம், அடிமரத்தைத் தொடாதபடி ஒரு சாண் விட்டு. சருகு குப்பையாய்த் தெரிகிறது என்று இன்றும் ஒரு சகோதரி சிலசமயம் பெருக்கிவிடுகிறார்; மறுபடியும் பரப்புகிறோம்.

தண்ணீர் விடும் முறையும் மாறியது. நாள்தோறும் தெளிப்பதில்லை. கோடையில் பதினைந்து நாளுக்கொருமுறை, மாலை தொடங்கி இரவு வரை, ஏறக்குறைய 500 லிட்டர், கிளை எல்லையை ஒட்டி மெதுவாய். மறுநாள் கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இறங்கிய ஆழம் வரைக்கும் கம்பி எளிதாய் இறங்கும். மேலோடு நனைத்தால் வேரும் மேலேயே தங்கி முதல் வெயிலில் வெந்துபோகும். ஆழமாய் நனைத்து, பிறகு சிறிது காயவிட்டால் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். மாநகராட்சிக் குழாயில் வரும் நர்மதை நீர்தான் இதற்கு. கிணற்று நீர் கிடையாது. அவ்வளவு நீருக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, ஞானஸ்நானத் தொட்டி நினைவுக்கு வந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றரையடி ஆழம். இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஒவ்வொரு முறையும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நீரை மரத்திற்கு விடலாமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். நாகமானை முழுகச் சொன்ன யோர்தானிலும் ஜனங்கள் மொண்டு குடித்தார்கள் என்றேன். இப்பொழுது பெரிய பீப்பாய்களில் பிடித்து வைத்துப் பங்கிட்டு விடுகிறோம்.

அந்த வருஷம் ஆகஸ்டு இறுதியில் குஜராத்தில் பெருமழை பெய்ததை நீங்கள் அறிவீர்கள். அநேகருக்குச் சேதம். எங்கள் பின்முற்றத்தில் மட்டும் நான் ஜன்னலருகே நின்று, நீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரேமியா 17ஆம் அதிகாரத்தை அந்நாட்களில் மறுபடியும் படித்தேன். ஆறாம் வசனத்தில் உவர்நிலம் வருகிறது, எட்டாம் வசனத்தில் தண்ணீரண்டை மரம் வருகிறது. இவ்வளவு வருஷங்களாக எட்டாம் வசனத்தையே பிரசங்கித்துவிட்டு ஆறாம் வசனத்து உப்பை நான் கவனித்ததில்லை. அந்த மரத்திற்கும் உஷ்ணம் வருகிறது, மழைத்தாழ்ச்சியான வருஷமும் வருகிறது என்பதையும் கவனியுங்கள். உஷ்ணத்தைக் காணாது என்று நம்முடைய பழைய திருப்புதல் சொல்லுகிற இடத்தில், எபிரெயப் பிரதியில் எழுதப்பட்ட வடிவத்தின்படி பயப்படாது என்றும் கொள்ளலாம். பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் பல அப்படியே கொள்ளுகின்றன. நடப்பட்ட என்பதற்கு அங்கே உள்ள சொல் ஷாதூல். சங்கீதம் 1லும் அதே சொல்தான். அது தானாய் முளைத்த மரத்தைக் குறிப்பதன்று. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் நடப்பட்டதைக் குறிக்கும். திருநெல்வேலியிலும் சேலத்திலும் விழுப்புரத்திலும் இருந்து எடுத்து இங்கே நடப்பட்ட நமக்கு அந்தச் சொல்லைத் தெரிந்திருப்பது நல்லது.

டெல்லியிலிருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டிலேயே அங்கே ஆணையிட்டிருக்கிறது. உங்கள் தெருவில் அடிமரம் வரை சிமெண்டு பூசியிருந்தால் குடியிருப்போர் சங்கத்தில் அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

எங்கள் மரம் முற்றிலும் பிழைத்துவிட்டது என்று சாட்சி சொல்ல இன்னும் துணிவில்லை. 2025 மார்ச்சில் கிழக்குப் பாதி நிறையத் தளிர்த்தது. ஏப்ரலில் பூவும் வந்தது. மேற்குப் பக்கம் காய்ந்தே போனதால் அறுத்து எடுத்துவிட்டோம். மரம் ஒருபக்கமாய், தோள் சாய்ந்த மனிதரைப்போல நிற்கிறது. நிழல் முன்னிருந்ததில் பாதிதான். இஸ்திரிச் சகோதரி காலையில் ஓரிடத்திலும், மதியத்திற்கு மேல் மேஜையை நாலடி தள்ளி வேறோரிடத்திலும் நிற்கிறார். பெரியவருக்கு இப்பொழுது முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கம்பியை எங்கே குத்த வேண்டும் என்று வாலிபருக்குக் காட்டுகிறார். லூக்கா எழுதின உவமையில் அந்த அத்திமரம் மறு வருஷம் என்ன ஆயிற்று என்று சொல்லப்படவில்லை.

இம்மாத ஞானஸ்நான ஆராதனைக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரவு தொட்டியின் அடைப்பைத் திறந்து குழாயை மரத்தண்டைக்கு இழுத்துச் செல்லும் முறை, கல் கொடுத்த சகோதரருடையது.